ஸ்நோ நாட்களில் நீங்கள்தான் ஓட்டுவீர்கள்

ஒரு குளிர்காலத்திலும் என்னைத் தனியே விடாத என் ஜெயாக்காவுக்கு,

பொங்கல் முடிந்த கையோடு லண்டனில் ஸ்நோ கொட்டிவிட்டது. நீங்கள் "இதெல்லாம் ஒரு ஸ்நோவே?" என்று கேட்டுச் சிரிக்கிற, மாவு தூவினாற்போன்ற ஸ்நோ இல்லை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவில் நின்ற கார்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இப்பதான் லண்டன் கொஞ்சம் ஊர் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். ஜேர்மனியில் முன்பு இருந்த ஸ்டுட்கார்ட்டை ஊர் என்று சொன்ன ஒரே யாழ்ப்பாணத்துக்காரி, எனக்குத் தெரிய, நீங்கள்தான்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. வேறு யாருக்குச் சொல்வது? மகள் லீட்ஸில் இருக்கிறாள். விடிய முதலே, "அம்மா, டோன்ட் டிரைவ் டுடே, ஓகே?" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். நான் ஓகே என்று பதில் அனுப்பிவிட்டுச் சப்பாத்துப் போட்டேன்.

போகாமல் இருந்திருக்கலாம்தான். ஆனால் மனேஜர் ஜேன் போன் அடித்தபோது அவளுடைய குரல் அடைத்திருந்தது. மில் ஹில்லில் எங்கள் முதியோர் இல்லம் குன்றின் உச்சியில் இருப்பது உங்களுக்குத் தெரியாததா? பஸ் ஓடவில்லையாம். காலை வேலைக்கு வரவேண்டியவர்கள் ஒவ்வொருவராக வரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். இரவு முழுக்க நின்ற கிரேஸ், மாற்றிவிட ஆளில்லாமல் தனியே எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். "உன்னால் வர இயலுமா?" என்று ஜேன் கேட்கவில்லை. "நீ பத்திரமாக இரு" என்றுதான் சொன்னாள். அப்படிச் சொன்னதால்தான் எனக்கு வீட்டில் இருக்க மனம் வரவில்லை.

இத்தனை குளிர்காலங்களில் நாங்கள் ஒரு கிழமை உங்கள் கார், ஒரு கிழமை என் கார் என்று மாறி மாறிப் போய் வந்தோம். ஸ்நோ விழுந்தால் மட்டும் அந்த முறை செல்லாது. யாருடைய கிழமை என்றாலும் ஸ்நோ நாளில் நீங்கள்தான் ஓட்டுவீர்கள். என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஹோர்ன் அடித்து, நான் கதவைத் திறக்க முதலே, "கெதியா ஏறும் வசந்தி, ஜேர்மன்காரன் உதுக்கெல்லாம் லீவு எடுக்கமாட்டான்" என்பீர்கள். நான் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணைத் திறக்கும்போது மில் ஹில் வந்திருக்கும்.

இந்த முறை கண்ணை மூட முடியாதே அக்கா.

காரில் இருந்த ஸ்நோவை வழிக்கவே கை விறைத்துவிட்டது. கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதெல்லாம் எப்போதும் உங்கள் காரில்தானே இருந்தது. பழைய பஸ் அட்டையால் சுரண்டினேன். முன் கண்ணாடியில் என் முகம் அளவுக்கு ஓர் இடம் தெளிந்தது. அதற்குள்ளால் பார்த்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஹரோ தாண்டும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. கென்ரன் வீதியில் உப்புப் போட்டிருந்தார்கள், அங்கே பரவாயில்லை. தமிழ்க் கடை ஒன்றும் திறக்கவில்லை. ஒரு கடை வாசலில் மட்டும் வாழைக்காய்ப் பெட்டிகளை இறக்கியபடியே விட்டிருந்தார்கள், அவற்றின் மேலும் ஸ்நோ. நான் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்ப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தேன். நீங்கள் அப்படித்தான் பிடிப்பீர்கள். ஸ்நோவில் ஓட்டுகிற முறை அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

கிங்ஸ்பரி ரவுண்டபோட்டுக்குக் கிட்டப் போனதும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லொறி குறுக்காகச் சறுக்கி நின்றது. அதற்குப் பின்னால் கார்கள், கார்களுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இன்னும் கார்கள். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லண்டனில் அத்தனை வாகனம் நின்று ஒரு சத்தமும் இல்லாமல் இருந்ததை நான் கேட்டதில்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பக்கத்து இருக்கையில் என் கைப்பை இருந்தது. நான் ஏன் அதை அங்கே வைத்தேன்? அது உங்கள் இடம். நீங்கள் போன பிறகு பையைப் பின் இருக்கையில்தான் போடுவேன். அன்று அவசரத்தில் அங்கே வைத்துவிட்டேன். அதை எடுத்துப் பின்னால் போட்டேன். போட்டபிறகு அந்த இடம் இன்னும் வெறுமையாகிவிட்டது.

பிந்தும் என்று ஜேனுக்குச் சொல்ல நினைத்தேன். ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானை அமத்தி, "கோல் ஜேன்" என்றேன். அந்தக் காரின் குரலுக்கு என் ஆங்கிலம் ஒருநாளும் பிடிபட்டதில்லை, தெரியும்தானே. ஒருமுறை நான் வீட்டுக்குப் போக வழி கேட்க, அது வேல்ஸுக்கு வழி காட்ட, நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள். அன்று அது என்ன சொன்னது தெரியுமா?

"கோலிங் ஜெயா அக்கா."

நான் அழைப்பை வெட்டப் போனேன். கை போகவில்லை. உங்கள் இலக்கத்தை அழிக்காமல் வைத்திருந்தேனே தவிர, ஒருநாளும் அடித்துப் பார்த்ததில்லை. இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொல்லும், அதைக் கேட்டுவிட்டு வெட்டுவோம் என்று நினைத்தேன். ஆனால் மணி போனது அக்கா. கார் முழுக்க மணி போனது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ."

யோகன் அத்தான். உங்கள் கணவரின் குரலை எனக்கு உடனே மட்டுக்கட்ட முடியவில்லை. கடைசியாக உங்கள் செத்தவீட்டில் கேட்ட குரல். அதற்குப் பிறகு அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. நான் சோறு கறி கொண்டு போனால் கதவு திறக்காது. வாசலில் வைத்துவிட்டு வருவேன். அடுத்தமுறை போகும்போது, டப்பா கழுவித் துடைத்து அதே இடத்தில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் மனிதர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார் என்று தெரிந்துகொண்டேன்.

"அத்தான், நான் வசந்தி. போன் மாறி அடிபட்டிட்டுது. குறை நினையாதேங்கோ."

"ஓம். போனிலை உம்மடை பேர் விழுந்தது." பிறகு சொன்னார், "இது அவவின்ரை போன். சார்ஜ் போட்டு வைச்சிருக்கிறன். இதுக்கு ஒருத்தரும் அடிக்கிறேல்லை."

துடைப்பான் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"எங்கை நிக்கிறீர்?"

"கிங்ஸ்பரியிலை. ரோட்டெல்லாம் அடைச்சுப் போச்சு."

"இந்த ஸ்நோவுக்கை ஏன் வெளிக்கிட்டனீர்?"

கிரேஸ் தனியே நிற்பதைச் சொன்னேன். ஜேன் போன் அடித்ததைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே போகும்போது மற்றதும் வாயில் வந்துவிட்டது. "அத்தான், எனக்குச் சரியான பயமாக் கிடக்கு. ஜெயாக்கா எண்டால் இதுக்கை பாட்டுப் பாடிக்கொண்டு போவா. எனக்கு ஏலாது."

வெட்டிவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். உங்கள் பெயர் அப்படியே இருந்தது.

"வசந்தி," என்றார். "அவவுக்கும் பயம்தான்."

"ஆருக்கு?"

"ஜெயாவுக்கு. ஸ்நோ எண்டால் விடியக் காலமை பாத்ரூமுக்குப் போய்ச் சத்தி எடுத்திட்டுத்தான் வெளிக்கிடுவா. நான் வாசலிலை நிண்டு பார்ப்பன். காருக்கை ஏறி, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருப்பா. பிறகுதான் கார் அசையும்."

"என்ன அத்தான் சொல்லுறியள்? ஜேர்மனியிலை இடுப்பளவு ஸ்நோவுக்கை ஓடினவ எண்டல்லோ சொன்னவ?"

அவர் சிரித்தார் அக்கா. எத்தனை மாதத்துக்குப் பிறகோ, எனக்குத் தெரியாது. சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தது. "ஜேர்மனியிலை அவ எங்கை கார் ஓடினவ? ட்ராமிலை அல்லோ வேலைக்குப் போய் வந்தவ. லைசென்ஸ் எடுத்ததே இஞ்சை வந்துதான். ரெண்டுதரம் பெயில்."

முன்னால் லொறியைத் தள்ள நாலைந்து பேர் இறங்கிப் போனார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் ஸ்டுட்கார்ட் கதைகள் எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய கதை. போலீஸ்காரனே உங்களிடம் பாதை எப்படி என்று கேட்ட கதை. எல்லாமே பொய்யா?

"அப்ப ஏன் அத்தான் அவ எனக்குச் சொல்லேல்லை?"

"நான் அவவுக்கு எத்தினை தரம் சொன்னனான், போகாதை எண்டு. கேட்டால்தானே. 'அவள் வசந்தி என்னை நம்பிக்கொண்டு வாசலிலை நிப்பாள். நானும் பயப்பிடுறன் எண்டு தெரிஞ்சால் அவள் காருக்கையே ஏறமாட்டாள்' எண்டுவா. போய்ச் சேர்ந்த உடனை கார் பார்க்கிலை இருந்து எனக்கு அடிப்பா. ஒண்டும் கதைக்கமாட்டா. மூச்சு வாங்கிற சத்தம் மட்டும் கேக்கும். பிறகு 'சரி, வைக்கிறன்' எண்டுவா."

நீங்கள் என்னை முதலில் இறக்கிவிட்டு, "நீர் போம், நான் காரை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று சொல்வது அதற்குத்தானா அக்கா? நான் ஸ்நோவில் நனையாமல் உள்ளே போகட்டும் என்று என்னை வாசலில் இறக்குகிறீர்கள் என்று நினைத்திருந்தேனே.

லொறி ஒருவழியாக நகர்ந்தது. கார்கள் ஊர்ந்தன. "நான் வைக்கட்டே அத்தான்?" என்று கேட்டேன். "வேண்டாம். லைனிலை இரும்," என்றார்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. இடைக்கிடை "எங்கை?" என்பார். "பேர்ண்ட் ஓக்" என்பேன். "ம்" என்பார். ஒருமுறை கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவர் தேத்தண்ணி போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒரு சந்தியைத் தாண்டிவிட்டேன். அப்படியே மில் ஹில் ஏற்றத்தின் அடிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு பஸ்ஸைச் சாய்வாக, அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு முன்னால் போன கார் பாதி ஏறி, மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்குச் சறுக்கி வந்து மதிலோடு சாய்ந்து நின்றது. ஓட்டியவன் இறங்கிக் கையை விரித்துக் காட்டினான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், ஏத்தத்துக்கு வந்திட்டன். என்னாலை ஏலாது."

"ஏலாட்டி விடும். காரை ஓரமா நிப்பாட்டிப்போட்டு நடவும்."

"ஜெயாக்கா எண்டால் ஏறியிருப்பா."

"ஓம், ஏறியிருப்பா. ஏறிப்போட்டு அங்கை மேலை போய் இருந்து நடுங்குவா. நீர் நடவும். ஆர் உம்மைப் பிழை சொல்லப்போகினம்?"

காரை ஓரமாக விட்டேன். கைத்தொலைபேசியைத் தொப்பிக்குள் காதோடு செருகிக்கொண்டு நடந்தேன். சப்பாத்துக்குள் ஈரம் இறங்கியது. குன்று முழுக்க ஓர் ஆளும் இல்லை. மரங்களும் இல்லாதது போல, வானமும் தரையும் ஒரே நிறம். கொஞ்சம் ஏறியதும் காதுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பலகை கிறீச்சிடுகிற சத்தம்.

"என்ன அத்தான் செய்யிறியள்?"

"நானும் நடக்கிறன். மாடிப்படியிலை. நீர் மேலை போய்ச் சேருமட்டும் நானும் ஏறி இறங்கிறன்."

நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நடந்தோம் அக்கா. அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்கும் வாங்கியது.

கதவைத் திறந்த கிரேஸ் என்னைக் கட்டிப்பிடித்து அப்படியே நின்றாள். கானாவில் பிறந்தவள், அவளுடைய உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும் என்பீர்களே, அன்று ஐஸாக இருந்தது. இருவருமாக எல்லோரையும் எழுப்பி, கழுவி, காலைச் சாப்பாடு கொடுத்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. சமையலுக்கும் ஆள் வராததால் ஜேன் அடுப்படியில் நின்று கஞ்சியைக் கருக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

எங்கள் மாடியில் இருக்கிற டொரதிக் கிழவி உங்களை இன்னும் மறக்கவில்லை. தன் மகனை மறந்துவிட்டாள், உங்களை மறக்கவில்லை. என் தலைமயிரில் ஸ்நோ கரைந்து சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "மற்றவள் எங்கே?" என்று கேட்டாள். தினமும் கேட்பாள். தினமும் நான் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையை அவள் கையில் கொடுப்பேன். அன்று என் வாய் தன்பாட்டில், "காரை நிப்பாட்டிப்போட்டு வருவா" என்றது. அதுவும் தமிழில். டொரதி விளங்கியது போலத் தலையாட்டிவிட்டுக் கோப்பையை வாங்கினாள்.

பின்னேரம் வீதிக்கு உப்புப் போட்டு, மண் கொட்டி, ஓரளவு திறந்துவிட்டார்கள். கிரேஸ் பேர்ண்ட் ஓக்கில் இறங்கவேண்டும். என்னோடு வரலாமா என்று கேட்டாள். "நீயும் ஜெயா மாதிரி ஸ்நோவில் கெட்டிக்காரிதானே?" என்றாள்.

ஓம் என்று சொல்வது எவ்வளவு லேசு, தெரியுமா? சொல்லியிருந்தால் அவள் என்னைப்போலக் கண்ணை மூடிக்கொண்டு வந்திருப்பாள்.

"இல்லை கிரேஸ். எனக்கு மிகவும் பயம். நீ என்னோடு கதைத்துக்கொண்டே வரவேண்டும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் பயம்தான். நான் என் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லட்டுமா?" என்றாள். ஏற்றத்தின் அடியில் விட்டிருந்த கார் வரை நடந்து இறங்கினோம். பேர்ண்ட் ஓக் போவதற்குள் இரண்டு முறை கார் வழுக்கியது. இரண்டு முறையும் இருவரும் சேர்ந்து கத்தினோம். கத்திவிட்டுச் சிரித்தோம். கத்தினால் இவ்வளவு ஆறுதலா என்று எனக்கு முன்பு தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளாவது சேர்ந்து கத்தியிருக்கலாமே அக்கா. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, ஆளுக்கொரு பயத்தை வைத்துக்கொண்டு, எத்தனை விடியல் போயிருக்கிறோம்.

கிரேஸ் இறங்கிய பிறகு தனியே வந்தேன். அப்போதுதான் அந்த நினைவு வந்தது. வந்ததும் என்னால் ஓட்ட முடியவில்லை. கென்ரன் வீதியில் ஒரு கடை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

உங்களை முதல்முதல் ஸ்கானுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அத்தானுக்கு அன்று வேலை. நல்ல வெயில், வீதியெல்லாம் செர்ரிப் பூ. "சும்மா ஒரு ஸ்கான் வசந்தி, டொக்டர்மாருக்கும் பொழுது போகவேணுமே" என்றீர்கள். வழி நெடுக வாய் ஓயாமல் கதைத்தீர்கள். போலீஸ்காரன் கதையை மறுபடியும் சொன்னீர்கள். நான் வயிறு நோகச் சிரித்தேன். ஆஸ்பத்திரி வாசலில், "நீர் காரை நிப்பாட்டிப்போட்டு ஆறுதலா வாரும், நான் உள்ளுக்கை போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

அன்றும் காலையில் சத்தி எடுத்தீர்களா? உள்ளே போய்த் தனியே இருந்து மூச்சு வாங்கினீர்களா? உங்கள் பக்கத்தில் இருந்து நான் சிரித்துக்கொண்டிருந்தேனே, அது உங்களுக்கு உதவியாகத்தான் இருந்ததா, இல்லை இன்னும் தனிமையாக இருந்ததா? இதை நான் இனி யாரிடம் கேட்பது?

உங்கள் தெருவால்தான் வீட்டுக்குத் திரும்பினேன். யோகன் அத்தான் படலையடியில் நின்றார். கம்பளிக் கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு. எவ்வளவு நேரம் நின்றாரோ. நான் காரை மெதுவாக்கினேன். அவர் கையை உயர்த்தினார். நான் யன்னலை இறக்க முதல் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். அன்றைக்கு அவர் கதைத்ததே அவருடைய ஒரு வருடத்துக் கதை.

இப்போது வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கார் பார்க்கில் இருந்து உங்கள் இலக்கத்துக்கு அடிக்கிறேன். அவர் எடுக்கிறார். "சேர்ந்திட்டன்" என்பேன். "ஓம்" என்பார். போன ஞாயிற்றுக்கிழமை மட்டும், "சோறு கொண்டு வாறன், கதவைத் திறவுங்கோ" என்று சேர்த்துச் சொன்னேன். நான் போனபோது கதவு திறந்திருந்தது. அவர் மேலே இருந்தார். இறங்கி வரவில்லை. நான் குசினி மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சநேரம் இருந்துவிட்டு வந்தேன். உங்கள் குசினி சுத்தமாகத்தான் இருக்கிறது அக்கா, அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

நான் உங்களைப்போலக் கெட்டிக்காரி ஆகமாட்டேன். அதற்கு இனி ஆசையும் இல்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். என் பக்கத்தில் யார் ஏறினாலும், கிரேஸ் ஏறினாலும், மகள் ஏறினாலும், என்றைக்காவது யோகன் அத்தானே வந்து ஏறினாலும், பயம் வந்தால் பயம் என்று வாய்விட்டுச் சொல்வேன். ஒருவரும் ஏறாத நாளிலும் சொல்வேன். அந்த வெறும் இருக்கையைப் பார்த்து, உங்களிடம் சொல்வேன்.

நீங்களும் இனி என்னிடம் மறைக்கவேண்டாம்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
வசந்தி
ரெய்னர்ஸ் லேன்